முயல் கொழுத்தால் முதலில் பில்லைப் பாருங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் முயல் பற்றியவை மட்டும் ஒரு கட்டு சேர்ந்துவிட்டன. அடுக்கக வீட்டில் நாய் வளர்க்கச் சங்கத்தில் ஆட்சேபம், பூனை வீட்டில் ஒருவருக்குப் பிடிக்காது, முயல் என்றால் சத்தம் போடாது என்று வாங்கிவிடுகிறார்கள். அது என்ன சாப்பிடும் என்ற யோசனை வீட்டுக்கு வந்த பிறகுதான் வருகிறது.

கேள்வி: எங்கள் முயலுக்கு மூன்று வயது. நகம் வெட்டக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போனபோது எடை 2 கிலோ 900 கிராம் இருந்தது. "இந்த உடம்புக்கு 2 கிலோ 300 போதும்" என்றார். அன்றே கேரட்டை நிறுத்திவிட்டேன். மாதம் 2 கிலோ பெல்லட்டும் (அரைத்து அழுத்திய தீவனம்) அரை கிலோ டிமோத்தி ஹேயும் (காயவைத்த டிமோத்திப் புல்) வாங்குகிறோம். எடை குறைக்கவென்றே ஒரு 'டயட்' பெல்லட் கடையில் இருக்கிறது, விலை இரு மடங்கு. வாங்கலாமா? (வாசகி, கோவை)

பதில்: வேண்டாம். உங்கள் சிக்கலுக்கு விடை நீங்கள் எழுதிய கணக்கிலேயே இருக்கிறது.

2 கிலோ பெல்லட்டை 30 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 67 கிராம் வருகிறது. அரை கிலோ ஹேயைப் பிரித்தால் 17 கிராம். வளர்ந்த முயலுக்கு, இருக்க வேண்டிய எடையில் கிலோவுக்கு 25 கிராம் பெல்லட் என்பதுதான் உச்ச வரம்பு. 2 கிலோ 300 கிராம் முயலுக்கு அது 57 கிராம். ஏற்கெனவே கொழுத்ததற்கு அதிலும் பாதி போதும். காய்ந்த புல்லோ நாளுக்கு 100 கிராமுக்குக் குறையாமல் வேண்டும். இறைத்து வீணாக்குவதையும் சேர்த்தால் மாதம் 3 கிலோவுக்கு மேல் போகும். வாங்கும் பில்லில் பெல்லட்டைவிட ஹே மூன்று மடங்காவது எடை இருக்க வேண்டும். உங்கள் பில் அப்படியே தலைகீழாக இருக்கிறது. கேரட்டில் சர்க்கரை உண்டு என்பது உண்மைதான். ஆனால் நாளுக்கு ஒரு வில்லை கேரட் தின்று எந்த முயலும் 600 கிராம் ஏறவில்லை.

முயல் புல் தின்பதற்கென்றே அமைந்த பிராணி. அதன் 28 பற்களும் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். நீளமான புல்லைப் பக்கவாட்டில் அரைத்து அரைத்துத்தான் அவை தேய வேண்டும். வயிற்றில் சீக்கம் என்று ஒரு பெரிய பை இருக்கிறது. உள்ளே போகும் நாரில் ஒரு பகுதியை அங்கே நுண்ணுயிர்கள் புளிக்கவைக்கின்றன. அது கொத்துக் கொத்தான ஈரப் புழுக்கையாக வெளியே வரும்போது முயல் வாயாலேயே எடுத்துத் தின்றுவிடும். பார்க்க அருவருப்பாக இருக்கும், ஆனால் அதன் சத்தே அதில்தான். பெல்லட் மிகுந்தால் இந்த ஈரப் புழுக்கை தேவைக்கு மேல் வரும். கொழுத்த முயலால் உடம்பை வளைத்து அதை எடுக்கவும் முடியாது. பின்புறம் ஒட்டிக் கிடக்கும், ஈ மொய்க்கும், புழு வைத்துவிடும். நம் ஊர் வெயிலில் இது ஓரிரு நாளில் உயிரை எடுக்கும். எனவே எடை பார்ப்பதோடு வாலடியையும் தினம் ஒரு முறை பாருங்கள்.

'டயட்' பெல்லட் என்பது பெரும்பாலும் நார் கொஞ்சம் கூடிய பெல்லட்தான். இப்போது இருப்பதையே பாதியாகக் குறைத்து, மிச்சப்பட்ட பணத்தை ஹேயில் போட்டால் அதே பலன். இருக்கும் பெல்லட் நல்லதா என்று பார்க்கப் பையின் பின்புறம் 'க்ரூட் ஃபைபர்', அதாவது நார், என்று போட்டிருக்கும் இடத்தைப் பாருங்கள். 18 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. புரதம் 12 முதல் 14 போதும். முன்பக்கத்தில் முயல் எவ்வளவு அழகாகச் சிரித்தாலும் இந்த எண்கள் இல்லாத பையை நான் வாங்க மாட்டேன்.

குறைப்பதை ஒரே நாளில் செய்யாதீர்கள். முதல் வாரம் 50 கிராம், அடுத்த வாரம் 40, பிறகு 30 என்று இறக்குங்கள். ஹேயை மட்டும் கூடையில் எப்போதும் தீராமல் வையுங்கள். கொழுத்த முயலைப் பட்டினி போட்டால் உடம்புக் கொழுப்பு கல்லீரலில் போய்ப் படிந்து செத்தே போகும். வாரத்துக்கு உடல் எடையில் 1 முதல் 2 சதவீதம், அதாவது 30 முதல் 60 கிராம் குறைந்தால் சரியான வேகம். மூன்று முதல் ஐந்து மாதம் ஆகும். சமையலறைத் தராசில் ஒரு டப்பாவை வைத்து, வாரம் ஒரு நாள் காலையில் அதே நேரத்துக்கு நிறுத்து எழுதிவையுங்கள். இடையில் கையாலும் பார்க்கலாம். விலாவைத் தடவினால், துணி போர்த்திய பாயில் கோரை தட்டுப்படுகிற மாதிரி எலும்பு தெரிய வேண்டும். மெத்தை மாதிரி இருந்தால் கொழுப்பு. கோரையே கையைக் குத்தினால் மெலிவு. பெட்டை முயலுக்கு மோவாய்க்குக் கீழே மடிப்பு விழுவது இயல்பு, அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

இன்னொன்று. நீங்கள் போடுவது ஒரு கைப்பிடி, மாமனார் போடுவது ஒரு கைப்பிடி, பள்ளி விட்டு வரும் பிள்ளை போடுவது யாருக்கும் தெரியாது. அன்றைக்கு உரிய பெல்லட்டைக் காலையிலேயே நிறுத்து ஒரு சின்ன டப்பாவில் வைத்துவிடுங்கள். யார் கொஞ்சினாலும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். டப்பா காலியானால் கொஞ்சல் மட்டும்.

கேள்வி: டிமோத்தி ஹே விலை கட்டுப்படியாகவில்லை. அது காய்ந்த புல்தானே, வைக்கோல் போட்டால் என்ன? (வாசகர், சென்னை)

பதில்: டிமோத்தி குளிர்நாட்டுப் புல். இங்கே விற்பதில் பெரும்பகுதி கப்பலில் வருகிறது. எடை குறைவு, இடம் அதிகம் அடைக்கும் சரக்கு என்பதால் புல்லின் விலையைவிட அது வந்த வழியின் விலையைத்தான் அதிகம் கொடுக்கிறீர்கள். அரை கிலோ பொட்டலங்களாக வாங்கினால் இன்னும் மோசம். பாக்கெட்டில் கிராமுக்கு அல்லது கிலோவுக்கு இவ்வளவு என்று அச்சிட்டிருக்கும் விலையை ஒப்பிட்டுப் பாருங்கள். முயல் வளர்க்கும் இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து பெரிய மூட்டையாக எடுத்துப் பிரித்துக்கொள்வது நல்லது.

நெல் வைக்கோல் ஈடாகாது. நார் இருக்கிறது, சத்து இல்லை. கீழே படுக்கையாகப் போடுங்கள், அதில் கொஞ்சம் மென்றால் கெடுதல் ஒன்றும் இல்லை. உணவுக்கு நம்மிடமே இருப்பது அறுகம்புல். பிள்ளையாருக்காகப் பூக்கடையில் கட்டுக் கட்டாக விற்கிறார்களே, அதேதான். அலசி, ஈரம் போக உதறிக் கொடுங்கள். ரோட்டோரத்தில் அறுத்தது வேண்டாம். பூச்சி மருந்தும் நாய் மூத்திரமும் எதில் பட்டிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. புறநகரில் மாடு வளர்ப்பவர்களிடம் கினியா புல், கோ-4 கம்பு நேப்பியர் போன்ற தீவனப் புற்கள் கிடைக்கும். இளசாக அறுத்து, மொறுமொறுவென்று காயவைத்துக் கொடுக்கலாம். எதையும் ஒரு வாரமாவது பழையதோடு கலந்து பழக்குங்கள். இளஞ்சோளப் பயிர் வேண்டாம், அதில் சயனைடு நஞ்சு உண்டு. சவுண்டல் தழையும் வேண்டாம், அதிலுள்ள மிமோசின் முடியை உதிர்த்துவிடும்.

கடையில் 'ஹே' என்று மட்டும் எழுதி விற்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அது குதிரைமசாலாக இருக்கலாம். அல்ஃபால்ஃபா என்பதும் அதுவே. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு அது நல்ல உணவு. வளர்ந்ததற்கு அதில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அதிகம். முயலின் குடல் மற்ற பிராணிகளைப் போலத் தேவைக்கு மட்டும் சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு நிறுத்திக்கொள்வதில்லை. வருவதையெல்லாம் உறிஞ்சிவிட்டு மிச்சத்தைச் சிறுநீரில் தள்ளும். மூத்திரப்பையில் சேறு போலப் படிவது இதனால்தான். பொட்டலத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நீள நீளமான இலையும் கதிரும் தெரிந்தால் புல். தடித்த தண்டும் உதிர்ந்த பொடி இலையுமாக இருந்தால் குதிரைமசால். நல்ல ஹே பச்சை மாறாமல் இருக்கும், திறந்ததும் புல்வாசம் வரும். பூசண வாசமோ தும்மல் வரும் அளவுக்குத் தூசியோ இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கட்டிய பாலித்தீன் பையில் நான் ஒரு மழைக்காலம் வைத்திருந்து முழு மூட்டையையும் குப்பையில் கொட்டியிருக்கிறேன். துணிப்பையில் போட்டு, காற்றுப்படும் இடத்தில் தூக்கி வையுங்கள்.

கேள்வி: மாட்டுத்தீவனக் கடையில் பண்ணை முயல் தீவனம் கிடைக்கிறது. செல்லப்பிராணிக் கடையில் விற்பதைவிட எவ்வளவோ மலிவு. அதுவும் முயலுக்குத்தானே? (வாசகர், மதுரை)

பதில்: முயலுக்குத்தான், ஆனால் 12 வாரத்தில் 2 கிலோ ஏறி விலைக்குப் போகவேண்டிய முயலுக்கு. உங்கள் முயல் எட்டு, பத்து வருஷம் இருக்க வேண்டியது. வேகமாக எடை போடவேண்டும் என்றே சேர்மானம் செய்த தீவனத்தைக் கூண்டில் உட்கார்ந்திருக்கும் முயலுக்குப் போட்டால் அது சொன்ன வேலையைச் செய்யத்தான் செய்யும். பண்ணைக்காரரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை.

மலிவு காரணமாக வாங்கியே தீரவேண்டும் என்றால் அளவை ஒரு ஸ்பூனாகச் சுருக்கிப் புல்லைக் கூட்டுங்கள். கடலைப் பிண்ணாக்கு சேர்ந்ததா என்று கேளுங்கள். நமத்துப்போன பிண்ணாக்கில் அஃப்ளடாக்சின் என்ற பூசண நஞ்சு வரும். அதை முயல் போலத் தாங்கமுடியாத பிராணிகள் குறைவு. சாக்கைப் பிரித்து விற்கும் இடத்தில் தயாரித்த மாதம் தெரியாது என்பதால் சில்லறையில் வாங்காதீர்கள்.

கேள்வி: வண்ண வண்ண வில்லை, சோளம், பட்டாணி கலந்த கலவை, யோகர்ட் மிட்டாய், உப்புக்கல் இதெல்லாம் அவசியமா? (வாசகி, புதுச்சேரி)

பதில்: மூன்றும் வேண்டாம். கலவையில் முயல் இனிப்பானதைப் பொறுக்கித் தின்றுவிட்டு நாருள்ளதை ஒதுக்கிவிடும். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 32 டச்சு முயல்களை நான்கு வகை உணவில் 17 மாதம் வைத்துப் பார்த்தார்கள். கலவை தின்றவற்றுக்குக் கொழுப்பு ஏறியது, கலவை மட்டுமே தின்றவற்றுக்குப் பல்லும் கோணியது. யோகர்ட் மிட்டாய் சர்க்கரை உருண்டை. பெல்லட் தின்னும் முயலுக்கு உப்புக்கல் வேலையில்லாத பொருள். தின்பண்டம் ஏதாவது கொடுத்தே ஆகவேண்டும் என்றால் கொத்தமல்லியும் புதினாவும் அதைவிட மலிவு.

கேள்வி: "ட்வார்ஃப் முயல், கையளவுதான் இருக்கும்" என்று சொல்லி விற்றார்கள். ஒரு வருஷத்தில் மூன்றரைக் கிலோ ஆகிவிட்டது. சாப்பாட்டைக் குறைத்தும் குறையவில்லை. கடைக்காரரோ "நீங்கள் அதிகம் போட்டுவிட்டீர்கள்" என்கிறார். (வாசகர், திருச்சி)

பதில்: சாப்பாட்டைக் குறைப்பதை இன்றே நிறுத்துங்கள். உங்கள் முயல் கொழுத்திருக்காது, அதன் இனமே அவ்வளவுதான். நியூசிலாந்து வெள்ளையும் சோவியத் சின்சில்லாவும் நான்கு, ஐந்து கிலோ வளரும். நம் பக்கம் கிடைக்கும் குட்டிகளில் இவற்றின் கலப்பு ஏராளம். ஐந்து வாரக் குட்டியாக எல்லா முயலும் கையளவுதான் இருக்கும். உண்மையான நெதர்லாந்து ட்வார்ஃப் வளர்ந்தாலும் 1 கிலோ 100 கிராம்தான். காது சுமார் ஐந்து சென்டிமீட்டர்தான் இருக்கும். உங்கள் முயலின் காதை அளந்து பாருங்கள், கடைக்காரருக்குப் பதில் கிடைத்துவிடும். அவர் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று சாதிக்கிறவராக இருந்தால் காதையும் நம்பமாட்டார், அது வேறு.

புகார் செய்யலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, இல்லாத தரத்தை உண்டென்று சொல்லி விற்பதும், பில் கொடுக்க மறுப்பதும் முறையற்ற வணிகம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்யுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் இரண்டு வருஷத்துக்குள் போகவேண்டும். பில்லோ, 'ட்வார்ஃப்' என்று எழுதிய வாட்ஸ்அப் செய்தியோ, பணம் அனுப்பிய ஆதாரமோ இருந்தால்தான் பேச்சுக்கு வலு. 2018 செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி கடை மாநில விலங்கு நல வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும், அதையும் கேளுங்கள். முயலைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கலாம் என்று ஆணையம் சொன்னால் கொடுப்பீர்களா என்பதை வீட்டில் முதலிலேயே பேசிவையுங்கள். ஒரு வருஷம் வளர்த்தவர்கள் பலரும் அங்கேதான் தடுமாறுகிறார்கள்.

கேள்வி: நேற்று மாலையிலிருந்து முயல் எதையும் தொடவில்லை, புழுக்கையும் போடவில்லை. மருந்துக் கடையில் என்ன வாங்கிக் கொடுக்கலாம்? (வாசகி, நாமக்கல்)

பதில்: கடிதம் கிடைத்ததும் இவருக்கு நேரடியாகப் பதில் அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே.

எதையும் வாங்காதீர்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது. 12 மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் குடல் ஓட்டமே நின்றுபோகும். விடியட்டும் என்று காத்திருக்கும் வியாதி இல்லை இது. வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலின் மாத்திரையைக் கரைத்து ஊற்றினால் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிரெல்லாம் செத்து முயலும் சாகும். பக்கத்து மருத்துவர் நாய், மாடு மட்டும்தான் பார்ப்பேன் என்றால், வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் மருத்துவமனை உண்டு. போகும்போது அது கடைசியாகப் போட்ட புழுக்கை ஒன்றிரண்டையும், தின்ற பெல்லட் பையையும் கையோடு கொண்டு போங்கள். பையின் பின்புறத்தைத்தான் மருத்துவர் முதலில் கேட்பார்.