அறிவு மேலாண்மையும் தகவல் மேலாண்மையும் ஒரு நிறுவனம் நிலைத்து நிற்க உண்மையில் உதவுகின்றனவா?

கேள்வி கேட்டவர் மாணவர் போலிருக்கிறது. அறிவு மேலாண்மை, தகவல் மேலாண்மை என்றெல்லாம் பாடத்தில் வருகிறதே, இவை ஒரு நிறுவனத்தின் நிலைத்தன்மைக்கு நடைமுறையில் எப்படித் துணை செய்கின்றன, நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்.

பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன். பினாங்கின் பெருநிலப் பக்கம், செபராங் பிறையில் இருக்கும் ஒரு பிளாஸ்டிக் வார்ப்புத் தொழிற்சாலையில் 19 வருடமாக டாக்குமென்ட் கன்ட்ரோல் வேலை பார்க்கிறேன். 1972-இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக வட்டாரம் தொடங்கியதிலிருந்து தீவில் பெரிய மின்னணுக் கம்பெனிகள் வந்தன. அவற்றுக்குச் சின்னச் சின்ன பாகங்கள் செய்துகொடுக்க எங்களைப் போன்ற சிறு கம்பெனிகள் வந்தன. என் வேலை என்னவென்று வீட்டில் விளக்க முடிந்ததே இல்லை. "ஃபைல் அடுக்குற வேலை" என்பார் என் மாமியார். பெரிய தவறில்லை.

முதலில் ஒரு கதை.

எங்கள் மோல்டிங் பகுதியில் ஒரு அண்ணன் இருந்தார். டெக்னீஷியன், 27 வருட அனுபவம். 2019-இல் 60 வயதில் ஓய்வு பெற்றார். கடைசி நாளில் மனிதவளப் பிரிவு ஒரு படிவத்தை நீட்டியது. லாக்கர் சாவி, கதவு அட்டை, சீருடை, பாதுகாப்புக் காலணி. எல்லாவற்றுக்கும் டிக் அடித்தார். கேக் வெட்டினோம், மீ கோரெங் சாப்பிட்டோம், ஒரு உறையில் பணம் கொடுத்தோம். அவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அக்டோபரில் மழை பிடித்தது. இரண்டாவது வாரம், நைலான் பாகங்களின் மேல் வெள்ளிக்கோடுகள் விழ ஆரம்பித்தன. நைலான் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சாமான். மூடாமல் வைத்த உப்பு மாதிரிதான். உலர்த்தாமல் உருக்கினால் ஈரம் ஆவியாகி பாகத்தின் மேல் கோடாகப் படியும். இது எல்லாருக்கும் தெரியும். எங்கள் வேலைமுறை ஆவணத்திலேயே இருக்கிறது: 80 டிகிரி, நான்கு மணி நேரம். மூன்று பேர் கையெழுத்து, பதிப்பு எண், தேதி எல்லாம் சுத்தம். அதை அச்சடித்து லேமினேட் செய்து இயந்திரத்தில் ஒட்டியதே நான்தான். ஆபரேட்டர்கள் அதன்படியே நான்கு மணி நேரம் உலர்த்தினார்கள். கோடுகள் நின்றபாடில்லை. அச்சைக் கழற்றித் துடைத்தார்கள். சப்ளையரோடு சண்டை போட்டார்கள். அவர் அனுப்பிய சோதனை அறிக்கையில் குறையே இல்லை. மூன்று வாரம் கழிவுத் தொட்டி நிரம்பி வழிந்தது.

கடைசியில் ஒரு டின் பிஸ்கட்டோடு பட்டர்வொர்த்தில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். சிரித்துக்கொண்டே அலமாரியிலிருந்து ஒரு 555 புத்தகத்தை எடுத்துவந்தார். மலேசியர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: மளிகைக் கடையில் கடன் கணக்கு எழுதுவார்களே, சட்டைப்பையில் அடங்கும் குட்டிக் குறிப்புப் புத்தகம், அட்டையில் 555 என்று போட்டிருக்கும். உள்ளே தமிழில் வரிசையாக எழுதியிருந்தார். "ம 6". "ப.மூ 5". "ம ப.மூ 7". ம என்றால் மழை. ப.மூ என்றால் பழைய மூட்டை, அதாவது முந்தின நாளே பிரித்த மூட்டை. எண்கள் உலர்த்தும் மணி நேரம்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆவணத்தைத் திருத்திவிடலாம் என்று நினைத்தேன். அவர் கையை அசைத்தார். "அப்படியே போட்டுடாதே தங்கச்சி. ரொம்ப காய்ச்சினா மஞ்சளாப் போயிடும், உடைஞ்சும் போயிடும்." அடுத்த நாள் தொழிற்சாலைக்கே வந்தார். இயந்திரத்தின் மூக்கிலிருந்து உருகிய நைலானைக் கொஞ்சம் வெளியே விட்டார். "கேட்டியா? கடுகு வெடிக்கிற சத்தம். அது அடங்குற வரைக்கும் ஈரம் இருக்கு. மணியப் பாக்காதே, இதக் கேளு." எனக்கு முதல் தடவை ஒன்றும் கேட்கவில்லை. ஐந்தாவது தடவை கேட்டது.

இப்போது பாடத்துக்கு வருவோம். லேமினேட் தாளில் இருந்த நான்கு மணி நேரம் தகவல். தப்பான தகவலும் இல்லை. வெயில் காலத்தில் புது மூட்டைக்கு அதுவே சரி. 555 புத்தகமும் தகவல்தான், ஆனால் எழுதியவருக்கு மட்டும் விளங்குவது. அந்தக் காதுதான் அறிவு. முதல் இரண்டை நான் அலமாரியில் வைக்கலாம், சர்வரில் ஏற்றலாம். மூன்றாவதைப் பக்கத்தில் நின்றுதான் வாங்கிக்கொள்ள முடியும்.

இதற்கு ஜப்பானியப் பேராசிரியர் நொனாகா காட்டிய உதாரணம் ஒன்று உண்டு. 1980-களில் மட்சுஷிதா கம்பெனி வீட்டில் ரொட்டி சுடும் இயந்திரம் செய்யப் பார்த்தது. மாவு சரியாகப் பிசைபடவில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தும் காரணம் பிடிபடவில்லை. அந்தக் கம்பெனியைச் சேர்ந்த இகுகோ தனாகா என்ற பெண், ஒசாகாவில் ஒரு ஹோட்டலின் தலைமை ரொட்டிக்காரரிடம் போய் உதவியாளாக நின்று பழகினார். ரொட்டிக்காரர் மாவை இழுக்கும்போது முறுக்கவும் செய்கிறார் என்பது அங்கேதான் பிடிபட்டது. அப்புறம் இயந்திரத்துக்குள் அதற்குத் தக்கபடி விலா எலும்பு மாதிரி மேடான வரிகள் வைத்தார்கள். நம் ஊரில் ரொட்டி சானாய் வீசுகிறவரிடம் "எப்படி அண்ணே?" என்று கேட்டுப் பாருங்கள். "இப்படித்தான்" என்று வீசிக் காட்டுவார். வேறு பதில் அவரிடம் கிடையாது.

தரச் சான்றிதழ்க்காரர்களும் இதைத் தாமதமாகத்தான் கவனித்தார்கள். 2015-ஆம் ஆண்டின் ஐஎஸ்ஓ 9001 பதிப்பில், 7.1.6 பிரிவில், நிறுவனம் தன் வேலைக்குத் தேவையான அறிவு எது என்று கண்டுபிடித்துப் பேண வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். எங்கள் தணிக்கையாளர் அதைக் கேட்டபோது, யாருக்கு என்ன தெரியும் என்ற ஒரு எக்செல் அட்டவணையைக் காட்டினோம். முந்தின நாள் இரவு ஒன்பது மணிக்கு நான் தயாரித்தது. அதில் அந்த அண்ணன் பெயருக்கு நேரே "மோல்டிங் – நிபுணர்" என்று போட்டிருந்தேன். தணிக்கையில் பாஸ்.

இதையெல்லாம் வைத்துத் தகவல் மேலாண்மை இரண்டாம்பட்சம் என்று எழுதிவிடாதீர்கள். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கை மூழ்கடித்த புயல்மழை ஞாபகம் இருக்கும். எங்கள் கீழ்த்தளத்தில் முழங்கால் அளவு தண்ணீர். பழைய இன்வாய்ஸ்கள், டெலிவரி ஆர்டர்கள், தரப் பதிவுகள் எல்லாம் கீழ்த்தள ஸ்டோரில் அட்டைப் பெட்டிகளில் இருந்தன. வருமான வரிச் சட்டப்படி கணக்குப் பதிவுகளை ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும். கணினியில் பிரதி இருந்தது. அந்தப் பிரதி இருந்த கணினிப் பெட்டி மாடிப்படிக்குக் கீழே, தரையில். ஒரு வாரம் ஃபேன் போட்டுத் தாள்களை உலர்த்தினோம். ஜனவரியில் ஒரு வாடிக்கையாளர் வந்து, குறிப்பிட்ட ஒரு லாட், அதாவது ஒரே தடவையில் செய்த பாகங்களின் தொகுதி, எந்த மூட்டையிலிருந்து வந்தது என்று கேட்டார். காட்ட முடியவில்லை. ஆர்டரைப் பாதியாகக் குறைத்துவிட்டார். இயந்திரம் ஓடுகிறது, ஆள் இருக்கிறார்கள், சரக்கிலும் குறை இல்லை. குறை இல்லை என்று காட்டும் தாள் மட்டும் கரைந்துபோயிருந்தது.

நிலைத்தன்மை என்ற சொல்லுக்கு இப்போது இன்னொரு அர்த்தமும் ஏறிவிட்டது: சுற்றுச்சூழல், கார்பன், கழிவு. மலேசியாவில் 2024 செப்டம்பரில் தேசிய நிலைத்தன்மை அறிக்கைக் கட்டமைப்பு வந்தது. பங்குச் சந்தையில் பட்டியலிட்ட பெரிய கம்பெனிகள் 2025 நிதியாண்டிலிருந்து அதன்படி அறிக்கை தர வேண்டும். அவர்கள் எங்களிடம் கேட்கிறார்கள். எவ்வளவு மின்சாரம், எவ்வளவு டீசல், எவ்வளவு கழிவு? எங்கள் கம்பெனியில் இந்த எண்கள் எதுவும் இல்லாமல் இல்லை. மின்கட்டண பில் கணக்குப் பிரிவு கிராணியின் (குமாஸ்தாவின்) டிராயரில், டீசல் ரசீது ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநரிடம், பழைய ஹைட்ராலிக் எண்ணெயின் கணக்கு சுற்றுச்சூழல் துறையின் இணையப் பதிவில். அந்த எண்ணெய் போல, சட்டம் ஆபத்தானது என்று பட்டியலிட்ட அட்டவணைக் கழிவை 180 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பதால் அந்த ஒரு கணக்கு மட்டும் ஒழுங்காக இருந்தது. சட்டம் கழுத்தைப் பிடித்த இடத்தில் ஒழுங்கு இருக்கிறது, என்ன சொல்ல.

எல்லாவற்றையும் ஒரே தாளில் கொண்டுவர எனக்கு இரண்டு மாதம் ஆனது. வந்ததும் ஒரு விஷயம் கண்ணில் பட்டது: ஞாயிற்றுக்கிழமை யாரும் வேலை செய்யவில்லை, மின்சாரம் மட்டும் ஓடுகிறது. போய்ப் பார்த்தால் உலர்த்திகள். சனிக்கிழமை இரவிலிருந்து திங்கள் காலை வரை காலியாகச் சூடேறிக்கொண்டிருந்தன. ஏன் அணைப்பதில்லை என்று கேட்டேன். "அணைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க." யார் சொன்னது? தெரியாது. அண்ணனுக்குத்தான் போன் போட்டேன். பத்து வருடத்துக்கு முன்பு இருந்த பழைய உலர்த்தி, அணைத்தால் மறுபடி பிடிக்காதாம். அந்த இயந்திரத்தைப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று; கட்டளை மட்டும் உயிரோடு இருந்தது. அன்றிலிருந்து எந்த ஆவணத்திலும் "ஏன்" என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன். அதை நிரப்ப யாருக்கும் பிடிப்பதில்லை.

எறிவதும் இந்த வேலையில் சேர்த்திதான். 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தேவை முடிந்த பிறகு தனிநபர் விவரங்களை வைத்திருக்கக் கூடாது என்கிறது. எங்களிடம் எப்போதோ வேலையை விட்டவர்களின் அடையாள அட்டை நகல்கள் கட்டுக்கட்டாக இருந்தன. வேண்டாததை வைத்துக்கொண்டே போனால் வேண்டியது கிடைக்காது. வாட்ஸ்அப் குழுக்கள் இதற்கு நேர் எதிர். ஒரு சூப்பர்வைசர் இயந்திரக் கோளாறுகளையும் தீர்வுகளையும் நான்கு வருடம் குரல் செய்தியாகவே போட்டுவந்தார். அவர் போனை மாற்றினார், குழுவைக் கலைத்தார், அவ்வளவுதான்.

இவை வெளிநாட்டுப் பேராசிரியர்கள் கண்டுபிடித்த புதுச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். என் தாத்தா ஜார்ஜ் டவுனில், பினாங்கு ஸ்திரீட்டில், ஒரு செட்டியார் கிட்டங்கியில், அதாவது வட்டித் தொழில் நடத்தும் கடையில், சமையல்காரராக இருந்தவர். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். இங்கே தொழில் நடத்துவது சம்பளத்துக்கு வந்த மேலாள். அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். மேலாள் சுமார் மூன்று வருடம் இருந்துவிட்டு ஊருக்குப் போய்விடுவார், அடுத்தவர் வருவார். கடல் கடந்து கடன் கொடுக்கும் தொழிலில், மூன்று வருடத்துக்கு ஒருமுறை மேலாளரையே மாற்றிக்கொண்டு தலைமுறைக் கணக்கில் தாக்குப்பிடித்திருக்கிறார்கள்!

எப்படி? பேரேடு, ஐந்தொகை என்று கணக்கு கறாராக எழுதப்பட்டது, ஊருக்கும் போய்க்கொண்டிருந்தது. அது தகவல். ஆனால் எவன் கடனைத் திருப்புவான், எவன் கையை விரிப்பான் என்பது பேரேட்டில் வராது. அதற்காகத்தான் பெட்டியடிப் பையன் சின்ன வயதிலேயே வந்து கூடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே வளர்ந்தான். பழைய மேலாள் கிளம்புமுன் புதியவரைக் கூட்டிக்கொண்டு கடன்காரர் வீட்டுத் திண்ணை திண்ணையாக ஏறி இறங்குவார் என்று தாத்தா சொல்வார். அந்த நாட்களில் இருவருக்கும் சேர்த்து உலை வைத்தவர் அவர்தான். எங்கள் மனிதவளப் பிரிவின் படிவத்தில் இன்றுவரை திண்ணைக்குக் கட்டம் இல்லை.

நடைமுறையில் என்ன செய்கிறோம் என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் இல்லை. மென்பொருள் விற்கிறவர்கள் மாதம் இருவர் வருகிறார்கள். நான் தே தாரிக் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவேன். நைலானில் ஈரம் 0.2 சதவீதத்துக்குக் கீழ் இருக்கிறதா என்று பார்க்க ஒரு மீட்டர் வாங்கினோம். நல்ல கருவிதான், ஆனால் அது இருக்கும் சோதனை அறை இரவு ஷிப்டில் பூட்டியிருக்கும். அதனால் காதும் வேண்டியிருக்கிறது. யாராவது ஓய்வு பெறப் போகிறார் என்றால், ஆறு மாதம் முன்பே ஒருவரை அவர் பக்கத்தில் நிறுத்துகிறோம். முதலாளிக்கு இது இரட்டைச் சம்பளமாகத் தெரியும். அந்த மூன்று வாரக் கழிவு எத்தனை கிலோ என்ற தாளை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். தேவைப்படும்போது எடுத்து நீட்டுவேன்.

மொழியும் ஒரு சிக்கல். ஆவணம் ஆங்கிலத்தில், கூட்டம் மலாயில், அண்ணனின் 555 தமிழில், இரவு ஷிப்டில் நிற்பவர் நேப்பாளி. அந்தக் கடுகுச் சத்தத்தை அண்ணனிடமிருந்து கடைசியில் நன்றாகப் பிடித்தவர் அந்த நேப்பாளத் தம்பிதான். இரண்டு நாள் பக்கத்தில் நின்றார், பொது மொழி அரைகுறை மலாய். அவருக்குக் கடுகு என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் வீட்டிலும் தாளிப்பார்கள்.

அவருடைய ஒப்பந்தம் அடுத்த வருடம் முடிகிறது. அவருக்குப் பக்கத்தில் இப்போதே ஒரு பையனை நிறுத்தியிருக்கிறோம், பாலிடெக்னிக் முடித்து வந்தவன், கெட்டிக்காரன். காதில் இயர்பட் மாட்டிக்கொண்டு நிற்கிறான். கழற்றச் சொல்லியிருக்கிறேன்.