வெளிமாநில மருத்துவரின் உத்தரவும் வீட்டுச் செவிலியர் சேவையும்: கேள்வி பதில்

டெக்சஸ் மாநிலத்தில், ஹோம் ஹெல்த் எனப்படும் வீட்டுச் செவிலியர் சேவையில் மேற்பார்வைச் செவிலியராக இருப்பவர் பதிலளிக்கிறார்.

டாலஸ் வாசகி: என் தந்தைக்கு மினசோட்டாவில் குடல் அறுவை சிகிச்சை நடந்தது. அங்குள்ள மருத்துவர் எழுதித் தந்த உத்தரவை இங்குள்ள நிறுவனம் ஏற்க மறுக்கிறது. ஏன்?

பதில்: அம்மருத்துவரின் திறமையில் யாருக்கும் ஐயமில்லை. நோயாளியின் கட்டில் எந்த மாநிலத்தில் கிடக்கிறதோ, அந்த மாநிலச் சட்டத்துக்கே வீட்டுக்கு வரும் செவிலியர் கட்டுப்பட்டவர். டெக்சஸ் விதிப்படி மருத்துவர் என்பவர் இம்மாநில உரிமம் பெற்றவர். எல்லையை ஒட்டிய ஆர்கன்சா, லூயிசியானா, நியூ மெக்சிகோ, ஓக்லஹோமா ஆகிய நான்கு மாநிலங்களின் மருத்துவர்கள் மட்டும், தாம் சிகிச்சையளித்துவரும் நோயாளிக்கு வீட்டுச் சேவையோ ஹாஸ்பிஸ் எனப்படும் இறுதிக்காலப் பராமரிப்புச் சேவையோ எழுதித் தரலாம் என்று தொழில்கள் சட்டத்தின் 151.056ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. தனியார் தொழில் செய்யாத ராணுவ மருத்துவர்களும் ஏற்கப்படுகிறார்கள். மினசோட்டா இதில் அடங்காது.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை நான் சென்ற வீட்டில், அன்று பகல்தான் வெளிமாநிலத்திலிருந்து திரும்பிய பெரியவரின் வயிற்று வடிகுழாயின் குமிழ் நிரம்பிக் கனத்துத் தொங்கியது. நாங்கள் 485 என்று சொல்லும் சிகிச்சைத் திட்டப் படிவத்தின் 24ஆம் கட்டத்தில் எழுதுவதற்கோ ஒரு மருத்துவரின் பெயர் இல்லை. மகள் ஒவ்வொரு கிளினிக்காக அழைத்துக்கொண்டிருந்தார், எல்லாம் மூடியிருந்தன. டிஸ்சார்ஜுக்கு முன்பே, கையெழுத்திட ஒப்புக்கொள்ளும் டெக்சஸ் மருத்துவர் ஒருவரிடம் பேசி வைத்துவிடுங்கள் என்று நான் எல்லோரிடமும் மன்றாடுவது இதனால்தான்.

டெக்சர்கானா வாசகர்: அம்மாவைப் பார்ப்பவர் ஆர்கன்சா பக்கத்து நர்ஸ் பிராக்டிஷனர். அவர் எழுதலாமா?

பதில்: உங்கள் ஊரின் நடுவிலேயே மாநில எல்லை ஓடுவதால் இது நியாயமான கேள்வி. நர்ஸ் பிராக்டிஷனர் என்பவர் நோயாளிகளைப் பரிசோதித்துச் சிகிச்சை எழுதும் உயர்பயிற்சி பெற்ற செவிலியர். 2020ஆம் ஆண்டின் கேர்ஸ் சட்டம், முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில் அவர்களும் வீட்டுச் சேவைக்கு உத்தரவிட வழிசெய்தது. ஆனால் மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டே. மேலே சொன்ன அண்டை மாநில விலக்கு மருத்துவர்களுக்கானது. அவருடன் பணிபுரியும் மருத்துவரிடம் கையெழுத்துக் கேளுங்கள்.

ஹூஸ்டன் வாசகர்: மெடிகேர் மத்திய அரசின் திட்டம். தாம் பணிபுரியும் மாநிலத்தில் அனுமதி பெற்றவரே மருத்துவர் என்றுதானே மத்தியச் சட்டம் சொல்கிறது? மாநில விதி எப்படிக் குறுக்கே வரலாம்?

பதில்: சட்டத்தைச் சரியாகவே படித்திருக்கிறீர்கள். மெடிகேரின் கண்ணில் மினசோட்டா மருத்துவரும் மருத்துவர்தான். ஆனால் அதே மெடிகேர், மாநிலச் சட்டங்களுக்கு இணங்கி நடப்பதை நிறுவனத்துக்கு நிபந்தனையாக வைத்திருக்கிறது. பணம் கிடைக்குமா என்பது ஒரு கேள்வி. செவிலியர் ஊசியைக் கையில் எடுக்கலாமா என்பது வேறு கேள்வி.

அதே வாசகர்: செவிலியர்களுக்குப் பல மாநிலக் கூட்டு உரிமம் உண்டே?

பதில்: உண்டு, அதற்காக மாநிலங்கள் செய்துகொண்ட ஒப்பந்தமே, நோயாளி இருக்கும் மாநிலத்தின் சட்டப்படி நடக்கும்படி செவிலியருக்குச் சொல்கிறது. மருத்துவர்களுக்கான மாநிலங்களின் ஒப்பந்தம் முற்றிலும் வேறு: அது ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி உரிமத்தை விரைவாகப் பெற்றுத் தரும், அவ்வளவே. ஒருவரிடம் டெக்சஸ் உரிமம் இருக்கிறதா என்பதை டெக்சஸ் மருத்துவ வாரியத்தின் தளத்தில் பெயரை இட்டுப் பார்க்கலாம். எல்லையோர விலக்கை நீண்ட தூரம் பயணிக்கும் புற்றுநோயாளிகளுக்கும் விரிக்க வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் அது சட்டமன்றத்தின் வேலை, அதுவரை நான் விதிப்படியே நடப்பேன்.

ஆஸ்டின் வாசகி: புளோரிடா மருத்துவர் எழுதினால்?

பதில்: முதல் பதிலைப் பாருங்கள். நான்கு மாநிலங்கள் மட்டுமே.

இர்விங் வாசகர்: கலிபோர்னியா?

பதில்: நான்கு மாநிலங்கள் மட்டுமே. டிஸ்சார்ஜுக்கு முன்பே உள்ளூர் மருத்துவரைப் பிடியுங்கள்.

பிளேனோ வாசகர்: எங்களைப் பார்க்க வந்திருக்கும் மாமியாருக்குச் சென்னை மருத்துவர் கொடுத்த கடிதம் போதுமா?

பதில்: போதாது. அதை மருத்துவ வரலாறாக இங்குள்ள மருத்துவரிடம் காட்டுங்கள்.

சான் அன்டோனியோ வாசகி: அப்பாவின் இன்சுலின் அளவைக் குறைக்கலாமா?

பதில்: இன்சுலினை எழுதிய மருத்துவரை இன்றே அழையுங்கள்.

டாலஸ் வாசகி: இங்கே ஒரு மருத்துவர் சம்மதித்துவிட்டார். தந்தையை அவர் முதலில் நேரில் பார்த்தாக வேண்டுமா?

பதில்: மிக நல்ல செய்தி. மெடிகேர் கேட்கும் நேரடிச் சந்திப்பு, சேவை தொடங்குவதற்கு முந்தைய 90 நாள்களிலோ பிந்தைய 30 நாள்களிலோ நடந்திருக்க வேண்டும். மருத்துவமனையிலிருந்து நேராக வீட்டுச் சேவைக்கு வருபவருக்கு, அங்கே சிகிச்சையளித்த மருத்துவர் இதே நோய்க்காகப் பார்த்த சந்திப்பும் செல்லும். ஆகவே அறுவை மருத்துவரின் குறிப்பையும் டிஸ்சார்ஜ் சுருக்கத்தையும் இன்றே புதிய மருத்துவருக்கு ஃபேக்ஸ் செய்யச் சொல்லுங்கள். அவர் 485 படிவத்தின் 27ஆம் கட்டத்தில் கையெழுத்திட்டுத் தேதியும் எழுதட்டும்.