வயலை அடகு வைக்கும் முன்னால் ஒரு மிக்ஸியைக் காட்டுங்கள்

அண்ணாச்சி, வணக்கம்.

இன்ஜினியரிங் முடித்த பையன், கூட்டாளிகளோடு விலை ஒப்பிடும் ஆப் தொடங்க ஐந்து லட்சம் கேட்கிறான், அம்பாசமுத்திரம் வயலை அடகு வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வயலைத் தொட வேண்டாம். அதற்காகப் பையனைக் கிறுக்குப்பயல் என்று ஏசவும் வேண்டாம். பாவூர்சத்திரத்தில் தக்காளி என்ன விலை என்று போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தானே நயினார்குளம் மார்க்கெட்டில் கடைக்குச் சரக்கு எடுக்கிறீர்கள்? அதே வேலையைத்தான் அவன் கம்ப்யூட்டரிடம் கொடுக்கப் பார்க்கிறான்.

துட்டு எங்கிருந்து வரும் என்பதில்தான் சிக்கல். விலை பார்க்க வருகிறவர் காலணா தரமாட்டார். அவர் லிங்க்கைத் தட்டிப் போய் வாங்கினால் விற்கிறவர் கமிஷன் தருவார். சுத்தமான தரகு. கமிஷனைக் குறைப்பது விற்கிறவர் கையில், ஆள் வருவது பெரும்பாலும் கூகுள் கையில். தேடலில் தன் ஒப்பீட்டுச் சேவையையே முன்னால் காட்டியதற்காக ஐரோப்பிய ஆணையம் கூகுளுக்கு 2017-இல் 242 கோடி யூரோ அபராதம் போட்டது. மேல்முறையீடு முடிய 2024 ஆகிவிட்டது. சின்னக் கம்பெனி அதுவரை மூச்சுப் பிடித்துக் கிடக்குமா? அமேசானே 2012-இல் ஜங்லி என்ற ஒப்பீட்டுத் தளத்தை இங்கே திறந்தது. 2013-இல் சொந்தக் கடை போட்டதும் அதற்கு மவுசு போய், பிறகு மூடிவிட்டார்கள்.

இன்சூரன்ஸில் நல்ல கமிஷன் உண்டு, சரி. அதற்கு இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அனுமதி வேண்டும். இன்சூரன்ஸ் ஒப்பிட்டு விற்கும் பாலிசிபஜாரின் தாய்க் கம்பெனி 2021 நவம்பரில் ஒரு பங்கை 980 ரூபாய்க்கு விற்றது. அடுத்த வருடமே 400-க்குக் கீழே போய், 2024-இல்தான் பழைய விலையைத் தாண்டியது. நம் வயல் மேல் கடன் கொடுத்தவர் அதுவரை காத்திருக்கமாட்டார்.

இன்றைக்கு ராத்திரி பையனைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஒரு தளத்தில் ‘மிக்ஸர் கிரைண்டர் 750 வாட்ஸ் நீலம்’, இன்னொன்றில் ‘மிக்ஸி, மூன்று ஜார், 0.75 கிலோவாட்’, மூன்றாவதில் அதே படம், ஆனால் நாலு ஜார். எது எதோடு சேரும், உன் ப்ரோக்ராம் எப்படிக் கண்டுபிடிக்கும் என்று கேளுங்கள். திருதிருவென்று விழித்தால் ஐந்து லட்சம் தப்பித்தது. பேப்பரை எடுத்து அரைமணி நேரம் விளக்கினால் அண்ணாச்சி, அதுதான் சொத்து. பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழி, டேட்டாபேஸ், கலைந்து கிடக்கும் தகவலைச் சேர்ப்பது, இதற்கெல்லாம் சம்பளம் உண்டு. தென்காசி பக்கம் மத்தளம்பாறையிலேயே சோஹோ சாஃப்ட்வேர் கம்பெனி இருக்கிறது, அங்கேயும் முயலட்டும்.

ஆப் ஆசையையும் விட வேண்டாம். மிக்ஸி ஒன்றை மட்டும் எடுத்து மூன்று மாதம் செய்து பார்க்கட்டும். சர்வர் வாடகை மாதம் ஆயிரத்துக்குள் முடியும். பிசான நெல் அறுத்த துட்டில் அதைக் கொடுத்தால் போதும்.

சனிக்கிழமை மதியத்துக்கு மேல் கூட்டிவாருங்கள். கூட்டாளிகளும் வரட்டும். யாருக்கு எவ்வளவு பங்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா என்று நான் கேட்க வேண்டும்.