கட்டிடத்துக்குள்ள விசிட்டருக்கு வழி காட்டுற ரோபோ சாஃப்ட்வேர்ல எது ரொம்பக் கஷ்டம்?

ஒரு ஆஸ்பத்திரிக்குள்ள வழி காட்டிட்டு ஓடுற ரோபோ வண்டிக்கு ரெண்டு வருஷம் கோடு எழுதுனேன், அதை வச்சு சொல்றேன். எல்லாரும் ரூட் கண்டுபிடிக்கிறதுதான் கஷ்டம்னு நினைக்கிறாங்க, அது இல்லீங்க, மேப் கையில இருந்தா ரூட் போடுறது காலேஜ் பாடம், குறுக்கு வழி கண்டுபிடிக்கிற ஏ ஸ்டார்னு ஒரு அல்காரிதம் இருக்கு, அதைப் போட்டா முடிஞ்சுது. உயிரை வாங்குறது கூட்டம்தான்.

ராத்திரி டெஸ்ட்ல சமர்த்தா போற வண்டி காலையில ஓபி நேரத்துல தான் எங்க இருக்கோம்னே தெரியாம முழிக்கும். ஏன்னா வண்டி தூரம் அளக்குற லேசர் சென்சார்ல சுவரைப் பாத்துதான் இடத்தைக் கணிக்குது, சுத்தி இருபது பேர் நின்னா அதுக்குத் தெரியுறது வெறும் கால்தானே.

இது பழைய தலைவலி. 1997ல ஜெர்மனி பான் நகர மியூசியத்துல ரைனோன்னு ஒரு ரோபோ ஆறு நாள், 18.6 கிலோமீட்டர் ஓடி வழி காட்டுச்சு, அதுக்கும் இதேதான். அதை செஞ்ச பர்கார்ட், ஃபாக்ஸ், த்ரன் குழு எழுதி வச்ச ஒரு வழி ரொம்ப எளிமை: மேப் படி சுவர் எட்டு மீட்டர்ல இருக்கணும், லேசர் ரெண்டுங்குது, அப்போ நடுவுல ஆள் நிக்குது, இடம் கணிக்கிற கணக்குல அந்த ரீடிங்கை சேக்காத. ஆனா இடிக்காம போறதுக்கு அதே ரீடிங் கண்டிப்பா வேணும்! நான் அவசரத்துல அந்த ரீடிங்கைத் தூக்கிப் போடுற ஃபில்டரை ரெண்டு வேலைக்கும் முன்னாடி போட்டுட்டேன், வண்டி ஆளே இல்லாத மாதிரி நேரா கூட்டத்தைப் பாத்துப் போகுது, நல்லவேளை கூட நடந்த பையன் சிவப்பு பட்டனை அமுக்கிட்டான்.

கண்ணாடி இதுக்கு நேரெதிர், இருக்கு ஆனா லேசருக்குத் தெரியாது. ரைனோல மேப்ல இருக்குற கண்ணாடிப் பெட்டிகளை சென்சார் பாத்த மாதிரியே போலி ரீடிங்கா உள்ள விட்டாங்க, நாங்களும் ரிசப்ஷன் கண்ணாடிக்கு அதையேதான் செஞ்சோம். (இடம் தப்பா கணிச்சா போலிச் சுவரும் தப்பான இடத்துல வந்து நிக்கும், அது தனிக் கதை.)

அப்புறம் ஹாரன். அடிச்சா வழி விடுவாங்கன்னு பாத்தா பசங்க அதைக் கேக்குறதுக்குன்னே குறுக்க வந்து நிப்பாங்க. 1998ல அமெரிக்காவுல ஸ்மித்சோனியன் மியூசியத்துல ஓடுன மினர்வாங்குற ரோபோவுக்கு இதுக்காகவே ஒரு முகம் வச்சிருந்தாங்க, வழி மறிச்சா சிரிப்பு போய் மூஞ்சி சுருங்கும், குரலும் மாறும். எங்களுக்கு அதுக்கெல்லாம் பட்ஜெட் இல்ல.

யாரும் யோசிக்காத இன்னொண்ணு, வழி காட்டுறவன் திரும்பிப் பாக்கணும். முதல் வெர்ஷன்ல வண்டி பாட்டுக்கு எக்ஸ்ரே ரூம் போய் சேந்துருச்சு, பெரியவர் லிஃப்ட்கிட்டயே நிக்கிறாரு. சரின்னு பின்னாடி கேமரா வச்சு ஆள் நின்னா வண்டியும் நிக்கிற மாதிரி மாத்துனோம், அடுத்த கூத்து, வண்டி நிக்குதேன்னு அவர் நிக்க, அவர் நிக்கிறாரேன்னு வண்டி நிக்க, அஞ்சு நிமிஷம் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துட்டு நின்னாங்க. அதுக்கப்புறம்தான் "வாங்கய்யா, இந்தப் பக்கம்"னு ஒரு ஆடியோ சேத்தோம்.