கடலோர வெக்கை அப்பாவுக்கு ஏன் ஒத்துக்கொள்ளவில்லை?

கேள்வி: டாக்டர், நாங்கள் காங்கேயம் பக்கம். அப்பாவுக்கு 67 வயது. ரத்தக்கொதிப்புக்கு டெல்மிசார்டனும் நீர் பிரியும் மருந்தும் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறார். அண்ணனுக்கு நாகப்பட்டினத்தில் வேலை. போன ஜூனில் அங்கே போனவர், நாலாம் நாளே எழுந்து நின்றால் கிறுகிறுப்பு, ராத்திரி தூக்கமில்லை, உடம்பெல்லாம் வியர்க்குரு என்று திரும்பிவிட்டார். ஃபோனில் பார்த்தால் அங்கே 36 டிகிரிதான். இங்கே சித்திரையில் 39 டிகிரி வெயிலில் தோட்டத்தில் நிற்கிறவருங்க. அங்கே மட்டும் ஏன் இப்படி? எந்த மாதம் அனுப்பலாம்? போகும்போது மாத்திரையை நிறுத்திக்கொள்ளலாமுங்களா?

பதில்: மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. ரத்தக்கொதிப்பு திடீரென்று ஏறினால் பக்கவாதம் வரைக்கும் கொண்டுபோய்விடும். அளவைக் குறைக்க வேண்டுமா என்பதை அவரை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர் சொல்லட்டும்.

அப்பா மேல் தப்பு எதுவும் இல்லை. நீங்கள் பார்த்தது பகல் வெயிலின் அளவு. அவரைப் படுத்தியது காற்றின் ஈரமும் ராத்திரிச் சூடும். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். காங்கேயத்தில் துவைத்துப் போட்ட வேட்டி கொஞ்ச நேரத்தில் மொடமொடவென்று காய்ந்துவிடுகிறது. கடலோரத்தில் அதே வேட்டி சாயங்காலம் வரைக்கும் பிசுபிசுக்கும். தோல் மேல் வியர்வையும் அப்படித்தான். காயாமல் வழிந்து போவதால் உப்பும் தண்ணீரும் வீணாகின்றன, சூடு இறங்குவதில்லை. வியர்வைத் துளைகள் அடைபட்டு வியர்க்குருவும் வருகிறது.

அதோடு அவர் போன மாதமும் சரியில்லை. கத்திரி முடிந்தால் வெயில் முடிந்தது என்பது நமக்குப் பழக்கம். நம் பக்கம் ஜூனில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வீசத் தொடங்கும், ராத்திரியில் 23, 24 டிகிரிக்கு இறங்கும். அதே மேல்காற்று தமிழ்நாட்டை முழுக்கக் கடந்து நாகைக்குப் போய்ச் சேரும்போது காய்ந்து சூடாகியிருக்கும். கடல் காற்று உள்ளே வருவதையும் அது தள்ளிப்போடும். மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று வந்ததும் வெயில் தணியும், ஆனால் புழுக்கம் ஏறும். அதனால் அங்கே மே, ஜூன் இரண்டுமே உச்சம்: பகலில் 36, 37, ராத்திரியிலும் பெரும்பாலும் 26, 27க்குக் கீழே இறங்காது. இங்கே காற்று வாங்கிக்கொண்டிருந்தவர் நேரே அதற்குள் போய் இறங்கியிருக்கிறார். புது வெக்கைக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும், வயதானவர்களுக்கு இன்னும் கூட. சித்திரையில் பழகிய பழக்கமும் காற்று மாறிய சில வாரத்தில் போய்விடும்.

இதற்கு மேல் அந்த மாத்திரை. நீர் மருந்து உப்பையும் தண்ணீரையும் வெளியேற்றும், டெல்மிசார்டன் ரத்தக்குழாயைத் தளர்த்தும், வியர்வையும் சேர்ந்தால் எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். கிறுகிறுப்புக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை. கிளம்புவதற்கு முன் படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் மூன்றும் பார்த்துவிடுங்கள்.

குடிக்கிற விஷயம். வயதானவர்களுக்குத் தாகம் மந்தம், அதனால் கேட்டுக் கேட்டுக் கொடுக்க வேண்டும். நீர்மோர் நல்லது, உப்பு லேசாக. அதற்காக வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடிக்க வைக்காதீர்கள். இந்த மாத்திரையோடு சேர்ந்தால் சோடியம் இறங்கி ஆள் தடுமாறிப் போவார். இளநீர் ஒன்று போதும். அதில் பொட்டாசியம் அதிகம், டெல்மிசார்டனும் பொட்டாசியத்தை ஏற்றும். கிரியாட்டினின் கூடியிருந்தால் அந்த ஒன்றும் வேண்டாம். ஓ.ஆர்.எஸ். கரைசலில் உப்பு இருப்பதால் பேதி, வாந்தி இருந்தால் மட்டும் கொடுங்கள்.

எப்போது அனுப்பலாம்? மார்கழி பாதியிலிருந்து மாசி வரைக்கும். ஜனவரியில் நாகையில் பகல் 28, 29, ராத்திரி 22 அளவில் இருக்கும், சுகமாகத் தூங்குவார். அக்டோபர் முதல் டிசம்பர் முற்பாதி வரை வேண்டாம். அந்த ஊரின் மழையில் பெரும்பகுதி அப்போதுதான் கொட்டும், புயலும் வரும். 2018 நவம்பரில் கஜா வேதாரண்யம் பக்கம்தான் கரையேறியது.

கோடையில் போயே தீர வேண்டிய விசேஷம் வந்தால், முதல் வாரம் காலை பத்து மணிக்கு மேல் வெளியே அலைய விடாதீர்கள். படுக்கும் முன் குளித்துவிட்டு, காற்றாடிக்கு நேரே படுக்கட்டும். அறையில் ஏசி இருந்தால் ராத்திரிக்கு அவசியம் போடுங்கள், கரண்ட் பில்லை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

உடம்பு கொதித்து, பேச்சு குழறி, ஆள் அடையாளம் தெரியாமல் பேசினால் அது வெப்பத்தாக்கு. 108க்கு உடனே கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை நிழலில் படுக்கவைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தெளிவாக இல்லாதபோது வாயில் எதுவும் ஊற்றாதீர்கள்.