கே.ஆர். நாராயணனின் தூதரகப் பணி அவரது அரசியல் வாழ்வுக்கு எவ்வாறு உதவியது?

கேரளத்தின் உழவூரில் வறிய தலித் குடும்பத்தில் பிறந்து, லண்டன் பொருளாதாரப் பள்ளியில் அரசியல் அறிஞர் ஹெரால்டு லாஸ்கியிடம் பயின்ற நாராயணன், 1949-இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். ரங்கூன், டோக்கியோ, ஹனோய் எனப் பல நகரங்களில் பணியாற்றிய அவருக்குப் பெருஞ்சோதனையாக அமைந்தது சீனா. 1962 போருக்கு முன்பே இந்தியா அங்கிருந்து தன் தூதரைத் திரும்ப அழைத்திருந்ததால், சுமார் பதினைந்து ஆண்டு இடைவெளிக்குப் பின் 1976-இல் பெய்ஜிங் சென்ற முதல் தூதர் அவரே. பின்னர் 1980 முதல் 1984 வரை அமெரிக்கத் தூதராக இருந்தார்.

1984-இல் கேரளத்தின் ஒற்றப்பாலம் மக்களவைத் தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளராக வென்றார். தொடர்ந்து மேலும் இருமுறை வென்று, இணை அமைச்சராகவும் இருந்தார். 1992-இல் குடியரசுத் துணைத் தலைவர், 1997-இல் குடியரசுத் தலைவர்.

தூதருக்குரிய நிதானம் முழுமையாக வெளிப்பட்டது இப்பதவியில்தான் என்பேன். 1997 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்தில் பா.ஜ.க.வின் கல்யாண் சிங் அரசைக் கலைக்கப் பிரதமர் குஜ்ராலின் ஐக்கிய முன்னணி அமைச்சரவை பரிந்துரைத்தபோது, அவர் கையெழுத்திடவுமில்லை, கோப்பைக் கிடப்பில் போடவுமில்லை. அரசமைப்பின் 74-ஆம் பிரிவு தரும் உரிமையின்படி, மறுபரிசீலனை செய்யுமாறு திருப்பி அனுப்பினார். அமைச்சரவையும் பரிந்துரையைக் கைவிட்டது. மறு ஆண்டு பீகார் அரசைக் கலைக்குமாறு பா.ஜ.க. தலைமையிலான வாஜ்பாய் அரசு அனுப்பிய பரிந்துரையையும் அவ்வாறே திருப்பினார். கட்சி எதுவாயினும் அளவுகோல் ஒன்றே என்பதைச் செயலில் காட்டிய அந்த நேர்மை என்னை இன்றும் நெகிழச் செய்கிறது.