நிறுத்தக்கூடியவர் யார்?

கேள்வி: ஏஐ சிப், டேட்டா சென்டர் பற்றி வரும் உலகச் செய்திகளை ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். பக்கத்தின் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் 'ஒத்துழைப்பு', வலப்பக்கம் 'போட்டி' என்று தலைப்பு. பாதிச் செய்திகளை எந்தப் பக்கம் எழுதுவது என்றே தெரியவில்லை. ஐ.நா.வில் எல்லா நாடுகளும் சேர்ந்து தீர்மானம் போடுகின்றன, அப்புறம் ஏற்றுமதித் தடை வருகிறது. எதை நம்புவது? உண்மையில் யார் முன்னால் இருக்கிறார்கள்?
— ஒரு வாசகர்

பதில்: முதலில் அந்த நடுக்கோட்டை அழித்துவிடுங்கள். உங்கள் குழப்பத்துக்குக் காரணம் அதுதான்.

2025 மே மாதம் அமெரிக்க அதிபர் டிரம்ப் அபுதாபி போனபோது, அங்கே 5 ஜிகாவாட் மின்சாரத்தில் ஓடும் டேட்டா சென்டர் (ஏஐ கணினிக் கூடம்) வளாகம் வரப்போவதாக அறிவித்தார்கள். இரண்டு நாடுகள் கைகோக்கும் செய்தி, இடப்பக்கம் எழுதியிருப்பீர்கள். ஆனால் அங்கே போகும் சிப்புகள் சீனாவுக்குக் கைமாறிவிடக் கூடாது என்பதுதான் வாஷிங்டன் வைத்த முக்கிய நிபந்தனை. அமீரகத்தோடு சேர்வதே சீனாவை வெளியே நிறுத்தத்தான் என்றால், இதை எந்தப் பக்கம் எழுதுவது? இந்தத் துறையில் பெரிய செய்திகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன.

அதனால் நோட்டில் வேறு மூன்று கட்டங்கள் போடுங்கள். சொன்ன தேதி. கைக்கு வந்த தேதி. மூன்றாவது, இதை நிறுத்தக்கூடியவர் யார். நான் இப்படித்தான் கணக்கு வைக்கிறேன்.

அபுதாபியையே எடுத்துக்கொள்வோம். சொன்ன தேதி 2025 மே. அங்குள்ள ஜி42 என்ற ஏஐ நிறுவனத்துக்கு, அமெரிக்க சிப் நிறுவனமான என்விடியாவின் உயர்தர சிப்புகள் 35,000 வரை போகலாம் என்று அமெரிக்க வணிகத்துறை அனுமதி கொடுத்தது நவம்பரில். ஆறு மாதம் இரண்டாவது கட்டம் காலியாகவே கிடந்தது. அனுமதி வந்த பிறகும் சிப் வந்துவிட்டது என்று எழுத முடியாது. பெட்டி இறங்கி, மின்சாரம் பாய்ந்து, இயந்திரம் ஓட வேண்டும். அதே 2025 ஜனவரியில் வெள்ளை மாளிகையில், அமெரிக்காவில் ஏஐ டேட்டா சென்டர்கள் கட்டும் 'ஸ்டார்கேட்' திட்டத்துக்கு நான்கு ஆண்டுகளில் 50,000 கோடி டாலர் என்று சொன்னார்கள். மறுநாள் அந்தத் தொகை ஏற்கெனவே செலவாகிவிட்டது போலத் தலைப்புகள் வந்தன. இதில் எங்கள் பத்திரிகைத் தொழிலின் தவறுதான் பெரியது. அறிவிப்பையும் கட்டடத்தையும் ஒரே எழுத்தளவில் அச்சடித்து வாசகரைக் குழப்புகிறோம்.

சரி, மூன்றாவது கட்டத்துக்கு வருகிறேன். அதற்கு ஒரே ஒரு இயந்திரத்தைக் கிட்டத்தில் பார்த்தால் போதும்.

மிக நுண்ணிய சிப்புகளை அச்சிடும் ஈயுவி (அதிதீவிரப் புறஊதா ஒளி) இயந்திரத்தைச் செய்வது உலகிலேயே ஒரே நிறுவனம், நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல். அந்த இயந்திரத்துக்குள்ளே உருகிய வெள்ளீயம் சொட்டுச் சொட்டாக விழுகிறது, நொடிக்கு சுமார் 50,000 சொட்டுகள். ஒவ்வொரு சொட்டையும் லேசர் அடிக்கிறது. முதல் அடியில் சொட்டு தட்டையாகிறது, அடுத்த அடியில் பிளாஸ்மாவாக மாறி ஒளி விடுகிறது. 13.5 நானோமீட்டர் அலைநீளமுள்ள அந்த ஒளியைக் காற்றே விழுங்கிவிடும் என்பதால் உள்ளே வெற்றிடம் வேண்டும். கண்ணாடி வில்லையும் அதை விழுங்கிவிடும், ஆகவே ஆடிகளை வைத்தே அதைத் திருப்புகிறார்கள். ஆடிகள் ஜெர்மனியின் ஸைஸ் செய்தவை. லேசர் ஜெர்மனியின் டிரம்ப்ஃப் செய்தது. ஒளி உண்டாக்கும் பகுதி அமெரிக்காவின் சான் டியேகோவில் வளர்ந்தது. இப்படி அச்சாகும் உயர்தர சிப்புகளில் மிகப் பெரும்பங்கு தைவானில் தயாராகிறது, அதோடு சேர வேண்டிய அதிவேக நினைவக சிப்புகள் பெரும்பாலும் தென் கொரியாவிலிருந்து வருகின்றன.

இவ்வளவு நாடுகள் பல பத்தாண்டுகள் சேர்ந்து உழைத்ததால்தான் இந்த இயந்திரமே உண்டானது. அந்தச் சேர்க்கைதான் இன்று கழுத்தைப் பிடிக்கும் இடமாகவும் இருக்கிறது. ஈயுவி இயந்திரம் ஒன்றுகூடச் சீனாவுக்குப் போய்ச்சேர நெதர்லாந்து அரசு விடவில்லை. அதன் பின்னால் அமெரிக்காவின் அழுத்தம் இருந்தது ஊரறிந்த விஷயம். யாரும் தனியாகச் செய்ய முடியாத பொருளில், சேர்ந்து செய்த ஒவ்வொருவர் கையிலும் ஒரு பூட்டு இருக்கிறது.

சீனாவிடமும் இருக்கிறது. சில வகைச் சிப்புகளுக்கு வேண்டிய கேலியம் என்ற உலோகம், பாக்சைட்டிலிருந்து அலுமினா எடுக்கும்போது உடன்விளைவாகக் கிடைப்பது. அதன் மூலப்பொருள் பல நாடுகளில் உண்டு. ஆனால் மலிவாக வாங்க முடிகிறதே என்று மற்றவர்கள் ஆலைகளை மூடிவிட்டார்கள், உலக உற்பத்தி ஏறக்குறைய முழுவதும் சீனாவிடம் போய்விட்டது. 2023 ஆகஸ்டில் சீனா அதற்கும் ஜெர்மானியம் என்ற தனிமத்துக்கும் ஏற்றுமதி உரிமம் கட்டாயம் என்றது. 2024 டிசம்பரில் அமெரிக்காவுக்கு விற்கவே தடை. 2025 நவம்பரில் அந்தத் தடையை ஓராண்டுக்கு நிறுத்தி வைத்தது. கவனியுங்கள், நீக்கவில்லை. தன் பூட்டைக் காட்டிவிட்டு, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டது.

இந்த மூன்றாவது கட்டம் சில சமயம் நாம் எதிர்பாராத பெயரைக் காட்டும். உயர்தர ஏஐ சிப்புகளைச் சீனாவுக்கு விற்க 2022 அக்டோபரில் அமெரிக்கா தடை போட்டதும், சீனாவுக்கென்றே வேகம் குறைத்த சிப்பை என்விடியா செய்தது. ஓராண்டில் அதற்கும் தடை. இன்னும் குறைத்து எச்20 என்று ஒன்று வந்தது. 2025 ஏப்ரலில் அதற்கும் உரிமம் வேண்டும் என்றார்கள், ஜூலையில் தளர்த்தினார்கள், ஆகஸ்டில் விற்பனை வருமானத்தில் 15 சதவீதம் அமெரிக்க அரசுக்கு என்று பேசி முடித்தார்கள். இதை மட்டும் பார்த்தால் நிறுத்தக்கூடியவர் வாஷிங்டன்தான். ஆனால் ஜூலை கடைசியிலேயே சீன அரசின் இணையக் கண்காணிப்புத் துறை என்விடியாவை அழைத்து, அந்தச் சிப்பின் பாதுகாப்பில் சந்தேகம் இருக்கிறது, விளக்கம் சொல் என்றது. விற்பவன் கதவைத் திறந்த நேரத்தில் வாங்குபவன் தயங்கி நின்றான். உங்கள் பழைய நோட்டில் இதற்கு இடமே கிடையாது.

மின்சாரத்தையும் விட்டுவிடாதீர்கள். உலக டேட்டா சென்டர்கள் 2024-ல் சுமார் 415 டெராவாட்-மணி மின்சாரம் எடுத்தன, 2030-ல் அது 945 அளவுக்குப் போகலாம் என்று சர்வதேச எரிசக்தி முகமை கணக்கிட்டிருக்கிறது. அயர்லாந்தில் 2023-லேயே நாட்டின் மின்சாரத்தில் 21 சதவீதம் டேட்டா சென்டர்களுக்குப் போனது. நகர்ப்புற வீடுகள் எல்லாம் சேர்ந்து எடுத்தது 18 சதவீதம். அங்கெல்லாம் மூன்றாவது கட்டத்தில் எழுத வேண்டிய பெயர் மின்தொடர் (கிரிட்) நிர்வாகம். டாலரை எண்ணுவதைவிட இணைப்புக் கிடைத்த மெகாவாட்டை எண்ணினால் நிலவரம் சீக்கிரம் புரியும்.

அப்படியென்றால் மாநாடுகளும் தீர்மானங்களும் வெறும் காகிதமா? அப்படிச் சொல்ல மாட்டேன். 2024 மார்ச்சில் அமெரிக்கா கொண்டுவந்த ஏஐ தீர்மானமும், ஜூலையில் சீனா கொண்டுவந்த தீர்மானமும் ஐ.நா. பொதுச்சபையில் வாக்கெடுப்பே இல்லாமல் நிறைவேறின. நிறுத்தக்கூடியவர் யாருமில்லை, ஏனென்றால் நிறுத்த வேண்டிய எதுவும் அவற்றில் இல்லை. ஆனால் அதே ஆண்டு நவம்பரில் பெரு நாட்டின் லிமாவில் அப்போதைய அமெரிக்க அதிபர் பைடனும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் ஒப்புக்கொண்டது வேறு ரகம்: அணு ஆயுதத்தைப் பயன்படுத்தும் முடிவு மனிதர் கையில்தான் இருக்க வேண்டும், ஏஐயிடம் போகக் கூடாது. ஒரே ஒரு வாக்கியம்தான். கடுமையாக மோதிக்கொள்ளும் இரண்டு நாடுகள் இவ்வளவு துல்லியமாக ஒன்றைச் சொன்னதே எனக்குப் பெரிய ஆறுதல். அதை நோட்டில் தடித்த எழுத்தில் எழுதுங்கள்.

யார் முன்னால் என்று கேட்டீர்கள். சிப் வடிவமைப்பிலும் ஓடிக்கொண்டிருக்கும் டேட்டா சென்டர் அளவிலும் அமெரிக்கா முன்னால். மின்சாரத்தை வேகமாகக் கட்டுவதிலும் தாதுக்களிலும் சீனா முன்னால். என்னை உறுத்துவது இந்த வரிசை அல்ல. ஏஐக்கென்றே அமைந்த டேட்டா சென்டர்கள் 32 நாடுகளில்தான் இருக்கின்றன என்று ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2025-ல் எண்ணிச் சொன்னார்கள். மீதி 160-க்கு மேற்பட்ட நாடுகளுக்கு உங்கள் நோட்டில் ஒரு வரிகூட இருக்காது. அவர்களின் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் ஏஐ வேண்டுமென்றால், வேறொரு நாடு எந்த நேரமும் நிறுத்தக்கூடிய இயந்திரத்தில்தான் ஓட வேண்டும். இது அநியாயம். இதைப் போட்டி என்றும் சொல்ல முடியாது, ஒத்துழைப்பு என்றும் சொல்ல முடியாது.

2025 ஆகஸ்டில் ஐ.நா. 40 பேர் கொண்ட அறிவியல் குழுவையும், நாடுகளுக்கிடையே ஒரு கலந்துரையாடலையும் உருவாக்கியது. கலந்துரையாடலுக்கு 2026 ஜூலையில் ஜெனீவா, 2027-ல் நியூயார்க் என்று தீர்மானமே இடமும் காலமும் குறித்திருக்கிறது. அங்கே வைக்க வேண்டிய கோரிக்கை எளிது: எத்தனை சிப்புக்கு உரிமம் கொடுத்தீர்கள், எத்தனையை மறுத்தீர்கள், எத்தனை மெகாவாட் உண்மையில் ஓடுகிறது என்று ஒவ்வொரு அரசும் ஆண்டுக்கு ஒருமுறை எழுத்தில் தர வேண்டும். இன்று இந்தக் கணக்கைத் தனியார் ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தும் நிறுவன அறிக்கைகளைத் தோண்டியும்தான் போடுகிறார்கள்.

நீங்கள் நோட்டைத் தொடருங்கள். மூன்று கட்டம் போட்ட பக்கங்களை அனுப்பிவையுங்கள், தேதிகளைச் சரிபார்த்து இதே பகுதியில் வெளியிடுகிறேன்.